வழி மறைந்தால் வெளி மறையும்

(கடலோர ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரையின் வடிவம்)





இத்தகைய முகாம்களில் பேச வருவோர் பெரும்பாலும் விதை, எரு, பாசனம், குடிநீர், பள்ளிக்கூடம் ஆகியவற்றைப் பற்றியே பேசுவது வழக்கம். அவை யாவும் இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஊராட்சியின் வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரியளவும் இடம்பெறாத ஒரு செல்வத்தைப் பற்றி இன்று உங்களுடன் கலந்து பேச விரும்புகிறோம். தார்ச்சாலை முடியும் இடத்திற்கு அப்பால் கிடக்கும் திறந்த வெளிகளே அச்செல்வம். கடற்கரை மணல்வெளி, ஆற்றுப் படுகை, மந்தைவெளி, களத்துமேடு, ஏரிக்கரைத் தோப்பு என்று ஊருக்கு ஊர் அதன் பெயர் மாறும். உழைத்துக் களைத்தவர் மாலையில் காற்று வாங்குவதும், இளைஞர் சடுகுடு ஆடுவதும், காணும் பொங்கலன்று குடும்பத்துடன் சோறு கட்டிச் சென்று உண்பதும் அங்கேதான். இவ்வெளிகள் நாம் அறியாமலே ஒவ்வொன்றாக நம் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கின்றன. எவ்வாறு போகின்றன, போகாமல் காப்பது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

பட்டினச்சேரிக் கடற்கரை

அண்மையில் நாங்கள் பட்டினச்சேரிக்குச் சென்றிருந்தோம். காரைக்கால் பகுதியில், திருமலைராயன்பட்டினம் கொம்யூனைச் சேர்ந்த மீனவர் ஊர் அது. காரைக்கால் பகுதியைச் சூழத் தமிழ்நாடும், கிழக்கே வங்கக் கடலும் உள்ளன. 1739-ஆம் ஆண்டு முதல் பிரெஞ்சுக்காரரிடம் இருந்து, 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் இந்திய நிருவாகத்தின்கீழ் வந்து, 1962-இல் சட்டப்படியும் இந்தியாவுடன் இணைந்த பகுதி அது. திருமலைராயன்பட்டினம் என்றதும் உங்களுள் பலருக்குக் காளமேகப் புலவரின் நினைவு வரும். தம்மை மதியாத அரசனின் ஊரில் மண்மாரி பொழியுமாறு அவர் சபித்துப் பாடினார் என்பது வழிவழி வந்த கதை. கதை எவ்வாறாயினும், அவ்வூரின் கடற்புறத்தில் மணலுக்குக் குறைவில்லை. அம்மணல்வெளி சாபமன்று, பெரும் பேறு என்பதை அங்குச் சென்று பார்த்தவர் உணர்வர்.

மாசி மகத்தன்று அக்கடற்கரையில் நடைபெறும் தீர்த்தவாரியைக் கண்டவர்கள் இங்கே இருக்கலாம். தமிழ்நாட்டைச் சேர்ந்த திருக்கண்ணபுரத்திலிருந்து சௌரிராஜப் பெருமாள் புறப்பட்டு, எல்லை கடந்து, இக்கடலுக்கு எழுந்தருளுகிறார். மீனவர் குலத்துப் பெண்ணை மணந்தவர் என்பதனால், பெருமாளை அவ்வூரார் தங்கள் மாப்பிள்ளை என்று உரிமையுடன் அழைத்து வரவேற்கின்றனர். அன்று உழவரும் மீனவரும் வணிகரும் ஒரே மணலில் நிற்கின்றனர். நுழைவுச் சீட்டு இல்லை, வாயிற்காவலரும் இல்லை.

மற்றை நாட்களில் அதே மணல் வேறு பணிகளுக்கு ஆகிறது. படகை ஏற்றி நிறுத்தும் இடம் அதுவே. வலையை விரித்துப் பழுது பார்க்கும் இடமும், கருவாடு காயவைக்கும் களமும் அதுவே. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், கிழக்குக் கடலில் விசைப்படகுகள் மீன் பிடிக்கத் தடை உண்டு. அந்நாட்களில் இளைஞர்களுக்கு ஆடுகளமும் முதியவர்களுக்குப் பேச்சு மன்றமும் கடற்கரைதான். உழைப்பும் ஓய்வும் ஒரே இடத்தில் கலந்திருப்பது நெய்தல் நிலத்தின் இயல்பாகும். இவ்வூருக்கு வடக்கே உள்ள காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடிய பட்டினப்பாலையில், முழுமதி நாளில் கடலுக்குச் செல்லாமல் உண்டும் ஆடியும் பொழுது கழிக்கும் பரதவரைக் காண்கிறோம். உருத்திரங்கண்ணனார் காலத்திலேயே கடற்கரை உலைக்களமாக மட்டும் இருக்கவில்லை, உவகைக் களமாகவும் இருந்தது.

அங்கே வலை சீர் செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், “இக்கடற்கரை யாருக்கு உரியது?” என்று வினவினோம்.

“இது ஒருவருக்கும் சொந்தமில்லை ஐயா. ஆனால் படகு எங்கே ஏறும், கூடை எந்த வழியாகப் போகும், சாமி எந்த வழியாக வரும் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும்” என்றார் அவர்.

“அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது?” என்று மீண்டும் கேட்டோம். அவர் சிரித்துத் தம் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

அச்சிரிப்பு எங்களுக்குச் சற்றுக் கவலையை அளித்தது. புதுச்சேரி ஆட்சிப் பகுதியில் 1968-ஆம் ஆண்டிற்குப் பின்னர் 2006-ஆம் ஆண்டில்தான் உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்றது. இடைப்பட்ட 38 ஆண்டுகளில் கடற்கரையின் ஒழுங்கைக் காத்து வந்தது மீனவர்களின் ஊர்ப் பஞ்சாயத்தும் முதியோரின் நினைவுமே ஆகும். நினைவு வலிமை மிக்கதுதான். ஆனால் வேலி போட வருபவர் கையில் காகிதம் இருக்கும்போது, நெற்றியைத் தொட்டுக் காட்டுவது போதுமானதாக இராது.

எங்கள் ஊர் மந்தைவெளி

இதனை நாங்கள் பிறர் சொல்லக் கேட்டுக் கூறவில்லை. எங்கள் சொந்த ஊரில் கண்ணாரக் கண்ட ஒன்றைச் சொல்லுகிறோம். ஊரின் பெயர் வேண்டா. டெல்டாவில் அத்தகைய ஊர்கள் பல உண்டு.

ஊரின் தென்கோடியில் ஒரு மந்தைவெளி இருந்தது. பகலில் மாடுகள் நிற்கும். மாலையில் பிள்ளைகள் ஆடுவர். பொங்கலுக்கு மறுநாள் மாடுகளை விரட்டி மகிழ்வர். கோடைக்காலத்தில் கூத்து நடக்கும். அதற்குச் செல்ல இரண்டு பட்டா நிலங்களுக்கு நடுவே ஒரு வண்டிப்பாதை உண்டு. எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் செல்லும் அகலம்.

ஒரு பக்கத்து நிலத்துக்காரர் கிளுவை வேலியைப் புதுப்பித்தபோது ஒரு முழம் தள்ளி நட்டார். எவரும் ஒன்றும் சொல்லவில்லை. மறு பக்கத்தவர் அடுத்த ஆண்டு அவ்வாறே செய்தார். சில ஆண்டுகளில் ஒரு வண்டி மட்டுமே செல்ல முடிந்தது. பின்னர் வண்டி நின்றது, கால்நடைகள் மட்டும் சென்றன. பின்னர் வரப்பளவு ஆயிற்று. மாடுகளை வேறு பக்கம் ஓட்டத் தொடங்கினர். மாடு போகாத இடத்தில் சீமைக் கருவேல் முளைத்தது. கருவேல் மூடிய இடத்திற்குப் பிள்ளைகளை அனுப்பத் தாய்மார் அஞ்சினர். பிறகு ஒரு நாள் நிலத்தைப் பார்வையிட வந்தவர்கள், அங்கே ஆளுமில்லை, மாடுமில்லை என்று கண்டு, ஒருவருக்கும் பயன்படாத நிலம் என்று குறித்துக்கொண்டு போயினர். அதன்பின் அது வேறு ஒரு பயனுக்குக் கொடுக்கப்பட்டு, சுற்றிலும் சுவர் எழும்பியது.

ஊர்ப் பெரியவர்கள் மனு எடுத்துக்கொண்டு சென்றனர். “பாதை இருந்தது என்கிறீர்களே, அது எந்தப் பதிவேட்டில் இருக்கிறது?” என்று கேட்கப்பட்டது. வரைபடத்தில் மந்தைவெளி இருந்தது. பாதை இல்லை. பெரியவர்கள் திரும்பி வந்தனர்.

அன்பர்களே, எங்கள் மந்தைவெளியை எவரும் கொள்ளையடிக்கவில்லை. சண்டை நடக்கவில்லை. அதற்குச் செல்லும் வழிதான் போயிற்று. வழி போனபின் வெளி தானாகவே போயிற்று. வேலி முதன்முதலாக ஒரு முழம் நகர்ந்தபோது அதனைப் பார்த்துக்கொண்டு சென்றவர்களுள் நாங்களும் இருந்தோம். ஒரு முழத்திற்காக அண்டை வீட்டாருடன் மனவருத்தம் எதற்கு என்று எண்ணினோம். அன்று பேசாமலிருந்தது பிழை என்பதை இன்று உங்கள் முன் ஒப்புக்கொள்கிறோம்.

வெளிகள் எவ்வாறு மறைகின்றன?

பொது வெளிகள் நம் கையை விட்டுப் போவதற்கு நான்கு வாயில்கள் உள்ளன.

முதலாவது, இப்பொழுது கூறிய வேலி. இரண்டாவது, நல்ல எண்ணத்துடன் வரும் திட்டம். சவுக்குத் தோப்பு, தடுப்புச் சுவர், கட்டடம், சாலை ஆகிய எதுவும் தம்மளவில் தீயதன்று. ஆனால் நடும்போதும் கட்டும்போதும் பழைய நடைவழியைக் கேட்டறிந்து இடம் விடாவிட்டால், காக்க வந்ததே தடையாகிவிடும்.

மூன்றாவது, கடலே எடுத்துக்கொள்வது. நம் கிழக்குக் கரையில் ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. கடலுக்குள் நீளும் கட்டுமானம் எதுவாயினும் அந்த நகர்வைத் தடுக்கும். தடுக்கப்பட்ட மணல் தென்புறம் குவியும், வடபுறம் கரை அரிக்கும். 1876-இல் பணி தொடங்கிய சென்னைத் துறைமுகமே இதற்குச் சான்று. தெற்கே மெரினா விரிந்தது. வடக்கே இராயபுரம் கரையைக் கடல் அரித்தது. காரைக்கால் பகுதியின் தெற்கு எல்லையில் வாஞ்சூரில் 2009-ஆம் ஆண்டு முதல் துறைமுகம் இயங்கி வருகிறது. பட்டினச்சேரி அதற்கு வடக்கே உள்ளது. ஆகவே இவ்வூரும் இதன் அண்டை ஊர்களும் கரையின் அகலத்தை ஆண்டுதோறும் அளந்து எழுதி வைத்தல் நலம். கரை குறுகக் குறுக, எஞ்சிய மணலுக்குப் போட்டி மிகும். அப்போது முதலில் இடம் இழப்பவை விளையாட்டும் ஓய்வுமே ஆகும்.

நான்காவது வாயிலைப் பற்றிப் பேச நமக்கு மனம் வருவதில்லை. அது நமது சொந்தக் குற்றம். குப்பை கொட்டுகிறோம். புட்டிகளை உடைத்துப் போடுகிறோம். மோட்டார் வண்டிகளை மணல்மேட்டில் ஏற்றி விளையாடுகிறோம். மணல்மேட்டைக் கட்டிக் காப்பவை அடும்பங்கொடியும் இராவணன் மீசையும். சக்கரம் ஏறினால் அவை அறுபடும். கொடி அறுந்த மேடு காற்றில் கரையும். தை மாதம் முதல் பங்குனி வரை கரையேறி முட்டையிடும் பங்குனி ஆமையின் குழிகளும் சக்கரத்தில் நசுங்கும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அவ்வாமை முழுப் பாதுகாப்புப் பெற்ற உயிரினம். இவ்வாறு தீங்கு நேரும்போது அரசாங்கம் தடை விதிப்பது கடமையாகிறது. வண்டியோட்டிய பத்துப் பேருக்காக விதிக்கப்படும் தடை, நடந்து செல்லும் ஆயிரம் பேரையும் தடுத்துவிடுகிறது.

இதற்கு மலைநாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. 2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலைக்காட்டில் பற்றிய தீயில் மலையேறச் சென்றவர்கள் 23 பேர் உயிரிழந்தனர். அதன்பின் மலையேற்றம் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டிலேயே ஒழுங்குமுறை விதிகள் வகுக்கப்பட்டன. 2024-இல் குறிக்கப்பட்ட 40 தடங்கள், பயிற்சி பெற்ற வழிகாட்டிகளுடன், கட்டணமுறையில் திறக்கப்பட்டன. ஒழுங்கின்றித் திறந்து கிடந்த இடம் மூடப்பட்டது. ஒழுங்கு ஏற்பட்டபின் திறந்தது. நாமே முன்கூட்டி ஒழுங்கு செய்துகொண்டால், மூடவேண்டிய நிலையே எழாது.

பிற நாடுகள் கற்ற பாடம்

இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டின் மேற்குக் கரையில் ஆரிகன் என்னும் மாநிலம் உள்ளது. 1913-ஆம் ஆண்டில் அம்மாநிலத்தார் ஓர் எளிய சட்டம் செய்தனர். ஓதநீர் ஏறி இறங்கும் ஈர மணல் முழுவதும் பொதுச் சாலை என்று அறிவித்தனர். சாலை என்றால் எவரும் மறிக்க முடியாதல்லவா? ஆனால் ஈர மணலை மட்டுமே அச்சட்டம் காத்தது. 1966-இல் ஒரு விடுதிக்காரர் தம் விடுதிக்கு முன்னிருந்த உலர் மணலை அடைத்து, விருந்தினர் தவிர ஏனையோர் வரலாகாது என்றார். மக்கள் வெகுண்டனர். 1967-இல் புதிய சட்டம் பிறந்தது. செடி கொடி முளைக்கும் எல்லை வரையிலும் உள்ள உலர் மணலிலும் மக்களுக்கு உரிமை உண்டு என்று அது நிறுவியது. எல்லையைத் தெளிவாக எழுதாத சட்டத்தில் எழுதாத இடத்தில்தான் வேலி முளைக்கும் என்பது இதனால் பெறும் பாடம்.

இங்கிலாந்தில் 1932-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் ஆலைத் தொழிலாளர்களும் பிறருமாக நூற்றுக்கணக்கானோர், வேட்டைக்கென அடைக்கப்பட்டிருந்த கிண்டர் ஸ்கௌட் என்னும் மேட்டுநிலத்தில் தடையை மீறி நடந்தனர். அவர்களுள் ஐவர் சிறை சென்றனர். 1949-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் செய்த சட்டத்தின்படி ஒவ்வொரு நடைபாதையையும் வரைபடத்தில் குறிக்கும் பணி தொடங்கியது. அதில் நம் ஊராட்சி போன்ற சிற்றூர் மன்றங்களுக்குப் பங்கு அளிக்கப்பட்டது. பின்னர் 1965-இல் பொது மேய்ச்சல் வெளிகளைப் பதிவு செய்ய மற்றொரு சட்டம் வந்தது. குறித்த காலத்திற்குள் பதிவாகாத உரிமைகள் அற்றுப்போயின. எழுதியவர்க்கு நிலைத்தது, எழுதாதவர்க்குப் போயிற்று.

நம் நாட்டுச் சட்டம் கூறுவது

நமக்குத் துணையாகச் சட்டங்கள் இல்லாமல் இல்லை. மத்திய அரசாங்கம் 1991-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை வெளியிட்டது. கடற்கரை விடுதிகளுக்கு அதில் இரண்டு நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. இரண்டு விடுதிகளுக்கு இடையே மக்கள் கடலுக்குச் செல்லக் குறைந்தது 20 மீட்டர் அகலமுள்ள இடைவெளி விடவேண்டும். வேலி அமைத்தால், அது மக்கள் கடற்கரைக்குச் செல்வதை எவ்வகையிலும் தடுக்கலாகாது.

அவ்வறிவிக்கை 2011-இலும், பின்னர் 2019-ஆம் ஆண்டு ஜனவரி 18-ஆம் நாளிலும் புதுப்பிக்கப்பட்டது. 2019-ஆம் ஆண்டு அறிவிக்கையில் சில தளர்வுகள் உள்ளன. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படி ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊர்ப்புறங்களில், கட்டடம் எழுப்பக் கூடாத பகுதி 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைக்கப்பட்டது. கடற்கரையில் தற்காலிகச் சுற்றுலா அமைப்புகளுக்கும் இடம் அளிக்கப்பட்டது. ஆகவே விழிப்பு முன்னிலும் அதிகமாக வேண்டும். அதே வேளையில் ஒரு நல்ல வாய்ப்பும் அதில் உள்ளது. கடலோர மேலாண்மை வரைபடத்தில் மீனவர்களின் பொதுச் சொத்துகளும், மீன் உலர்த்தும் இடங்களும், சாலைகளும் குறிக்கப்பட வேண்டும் என்று அது விதிக்கிறது. வரைவு வரைபடத்தின்மீது மக்கள் கருத்துக் கூறவும் உரிமை உண்டு. வரைபடம் ஊருக்கு வரும்போது அதனை விரித்து, “எங்கள் வழி எங்கே?” என்று கேட்க வேண்டியவர்கள் நாமே.

உள்நாட்டு ஊர்களைச் சேர்ந்த உழவர்களுக்கு 2011-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் வழங்கிய தீர்ப்பு பெருந்துணையாகும். பஞ்சாபில் ஒரு சிற்றூரின் குளத்தைத் தூர்த்து வீடு கட்டியதைப் பற்றிய வழக்கு அது. ஆயினும் நாடு முழுவதிலும் உள்ள பொது நிலங்களை எண்ணிக் காட்டுகையில் மந்தைவெளி, புறம்போக்கு, களம் என்னும் நம் சொற்களையும் நீதிமன்றம் எடுத்தாண்டது. ஆக்கிரமிப்புகளை அகற்றிப் பொது நிலங்களை ஊர் மக்களின் பொதுப் பயனுக்கு மீட்டுத் தருவதற்குத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநில அரசாங்கங்களுக்கும் ஆணையிட்டது. மேய்ச்சல் நிலம், களம், சுடுகாடு, வண்டி நிற்கும் இடம், தோப்பு ஆகிய புறம்போக்குகளின் பயன்பாட்டை ஒழுங்கு செய்யும் அதிகாரத்தைத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994, ஊராட்சிக்கே அளித்துள்ளது. அரசியலமைப்பின் 11-ஆவது அட்டவணையில் ஊராட்சிகளுக்கு உரியவையாகக் கூறப்பட்ட 29 பொருள்களுள் இறுதியானது சமுதாயச் சொத்துகளைப் பேணுதலாகும். அதிகாரம் நம்மிடம் உள்ளது. அதனை எடுத்து ஆளுவதே நம் பணி.

ஊராட்சி செய்ய வேண்டுவன

முதலாவது, நடந்து பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உறுப்பினர்கள், முதியவர்கள் இருவர், மாடு மேய்ப்பவர் ஒருவர், மீன்கூடை சுமக்கும் அம்மையார் ஒருவர், பள்ளிப் பிள்ளைகள் சிலர் ஆகியோருடன் ஊரின் பொது வெளிகளுக்குச் செல்லும் எல்லா வழிகளிலும் நடந்து செல்லுங்கள். எவ்வழியே செல்வது சுருக்கம் என்பதை உறுப்பினரைவிட அந்த அம்மையார் நன்கு அறிவார்.

இரண்டாவது, எழுதி வையுங்கள். வழி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, இருபுறமும் உள்ள புல எண்கள் யாவை, அகலம் எத்தனை அடி, எத்தனை காலமாகப் பயன்பாட்டில் உள்ளது, எதற்குப் பயன்படுகிறது என்பவற்றைக் குறியுங்கள். முதியோர் வாய்மொழியைத் தேதியிட்டு எழுதிக் கையொப்பமோ பெருவிரல் பதிவோ பெறுங்கள். பட்டினச்சேரிப் பெரியவர் நெற்றியில் இருப்பது ஏட்டிற்கு வரவேண்டும். தனியார் நிலத்தின் வழியே 20 ஆண்டுகளும், அரசாங்க நிலத்தின் வழியே 30 ஆண்டுகளும் தடையின்றி நடந்து வந்தவர்க்கு வழியுரிமை உண்டாகும் என்பது 1882-ஆம் ஆண்டு வழியுரிமைச் சட்டத்தின் விதி. வழக்கு வரும் நாளில் இவ்வேடு சான்றாக நிற்கும்.

மூன்றாவது, கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றுங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. அவற்றுள் ஒன்றில் பொது வெளிகள், பொது வழிகள் ஆகியவற்றின் பட்டியலைப் படித்து ஒப்புதல் பெற்று, வட்டாட்சியருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் படி அனுப்புங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அதே பட்டியலைக் கையில் கொண்டு மறுபடியும் நடந்து பாருங்கள். வேலி ஒரு முழம் நகர்ந்திருந்தால் அன்றே அன்புடன் சொல்லுங்கள். ஒரு முழத்தில் முடியும் பேச்சு, ஒரு வேலியளவு போனபின் வழக்கு மன்றத்தில்தான் முடியும்.

நான்காவது, ஒழுங்கு செய்யுங்கள். வண்டி நிற்கும் எல்லைக்கு ஒரு கல் நடுங்கள். அதற்கு அப்பால் படகு இழுக்கும் வண்டியும் நோயாளிக்கான வண்டியும் தவிர வேறு வாகனம் செல்லலாகாது என்று விதியுங்கள். ஆமை முட்டையிடும் காலத்தில் இரவு விளக்குகளைக் குறையுங்கள். குப்பைக்கு ஓர் இடம் ஏற்படுத்துங்கள். பெண்களும் முதியோரும் அஞ்சாது வந்து போகும் இடமே பொது இடம். ஒரு சாரார் மட்டும் ஆக்கிரமித்துக்கொண்ட ஆடுகளம், வேலி இல்லாவிடினும், அடைபட்ட இடமே ஆகும்.

விளையாட்டு ஒரு தேவையா?

“வயிற்றுப்பாட்டிற்கே வழி தேடும் ஊரில் காற்று வாங்கும் இடத்தைப் பற்றிய கவலை எதற்கு?” என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. இதற்கு 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் விடை கூறியது. அன்று காலை எழுந்த ஆழிப்பேரலையில் காரைக்கால் பகுதியில் மட்டும் 400-க்கு மேற்பட்டோர் மாண்டனர். பட்டினச்சேரியும் அத்துயரில் பங்கு பெற்ற ஊர். கடல் பொங்கி வரும்போது மனிதன் எந்த வழியாக ஓடுவான்? நாள்தோறும் கடலுக்கு நடந்த வழியாகத்தான் ஓடுவான். கடலுக்குச் செல்லும் வழியே கடலிலிருந்து தப்பும் வழியும் ஆகும். அவ்வழி அடைபட்டிருந்தால் என்னாகும் என்பதை நாங்கள் விரித்துரைக்க வேண்டுவதில்லை. மாலைதோறும் விளையாடச் செல்லும் பிள்ளையின் காலுக்கு அவ்வழி இருளிலும் தெரியும்.

அப்பேரலைக்குப் பின் தமிழ்நாட்டில் மற்றொன்றும் நிகழ்ந்தது. கடலோரத்தில் இருந்தவர்கள் உட்புறத்தில் புது வீடு பெற்றுக்கொண்டு பழைய மனையை அரசாங்கத்திடம் ஒப்படைத்தனர். ஒப்படைத்த மனைகளைப் பொதுப் பயனுக்கென ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது 2005-ஆம் ஆண்டு மார்ச்சு மாத அரசாணையின் விதி. உயிரைப் பறிகொடுத்த மக்கள் விட்டுச் சென்ற மண் அது. அத்தகைய மனைகள் உங்கள் ஊராட்சியில் இருந்தால், அவை எங்கே உள்ளன, எந்நிலையில் உள்ளன என்று இவ்வாரமே கேட்டறியுங்கள். அவற்றில் வேறொருவர் சுவர் எழுப்ப விட்டுவிடுவது, மாண்டவர்களுக்கு நாம் இழைக்கும் தீங்காகும்.

முடிவுரை

அன்பர்களே! மாசி மகத்தன்று பெருமாள் எழுந்தருளும் வழியை அடைக்க எவரும் துணியமாட்டார். அவ்வழிக்கு ஊரே காவல். அடுத்த நாள் அதே வழியில் ஒரு தாய் மீன்கூடையுடன் வருகிறார். ஒரு சிறுவன் பந்துடன் ஓடுகிறான். ஒரு முதியவர் கோல் ஊன்றிக் காற்று வாங்க வருகிறார். பெருமாளுக்குக் கிடைத்த அந்தக் காவல் இவர்களுக்கும் கிடைக்க வேண்டும். ஊராட்சி என்று ஒன்றை நாம் அமைத்துக்கொண்டது அதற்காகத்தான்.

எங்கள் ஊர் மந்தைவெளி இனித் திரும்பாது. உங்கள் ஊர் வெளி இன்னும் திறந்திருக்கிறது. ஊருக்குத் திரும்பியதும் ஒரு முறை அதுவரை நடந்து சென்று வாருங்கள். வழியின் அகலத்தை அடியால் அளந்து, அன்றிரவே ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்த ஒரு தாள், நாளை உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு கடற்கரையாகவும் ஒரு மந்தைவெளியாகவும் நிற்கும்.